வேடியப்பன் யானையை அனுப்பினார், நான் திட்டினேன்

பங்காளிகளே, நம் குலசாமி வேடியப்பன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். இது உங்களுக்குத் தெரியும். போன வருடத்துக்கு முந்தைய சித்திரைப் பொங்கலில் என் மகன் தினேஷ் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று டிராக்டரிலேயே உட்கார்ந்திருந்ததும் தெரியும். சுற்றி நின்று சிரித்தவர்களே நீங்கள்தானே.

அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. என் பங்காளி மாணிக்கம், அவனுக்குச் சித்தப்பா முறை, டிராக்டரில் ஏறி அவன் காலரைப் பிடித்தான்.

“என்னடா, புதுப்பொண்ணாட்டம் மூடிக்கினு உக்காந்திருக்க? கழட்டு.”

இழுத்த இழுப்பில் பொத்தான்கள் தெறித்தன. அவன் மார்பு இரண்டு பக்கமும் வீங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நானும் அன்றுதான் பார்த்தேன். தினேஷ் இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தான். என் மனைவி செல்வி அவன் பின்னால் ஓடினாள். ஓடுகிற அவசரத்திலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

“ஒரு வருசமா வெயில்ல ரெண்டு பனியன் போட்டுக்கினு திரியறான். நீங்க என்னத்த பாத்தீங்க?”

நான் பார்த்ததெல்லாம் சிப்காட் கம்பெனியில் வண்டி பாகங்களைத்தான். தரம் பார்ப்பது என் வேலை. அளவு தப்பினால் கழித்துச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். சரி செய்ய முடியும் என்றால் அந்த ஷிஃப்டிலேயே ரீவொர்க். பெற்ற பிள்ளையையும் அதே கண்ணால்தான் பார்த்தேன். பொங்கல் அடுப்புப் பக்கத்தில் நின்றே போனில் தேடினேன். மூன்றாவது வரியில் புற்றுநோய் என்று இருந்தது. நான்காவது வரியைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. போன் அடுப்பில் விழப் பார்த்தது.

நேராகச் சாமி முன்னால் போய் விழுந்தேன். எல்லோர் காதிலும் விழும்படி அழுதேன். “அப்பனே, இதை எடுத்து விடு. என் மகனைச் சட்டையில்லாம உன் வாசல்ல பால்குடம் தூக்க வெக்கிறேன்.” அம்மாவோடு திரும்பி வந்துகொண்டிருந்த தினேஷுக்கும் அது கேட்டது. எதற்குப் பயந்து பிள்ளை ஓடினானோ, அதையே சாமிக்கு வாக்குக் கொடுத்த அறிவாளி நான்.

அதற்குப் பிறகு நீங்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். பிராய்லர் கோழியை நிறுத்து. விளக்கெண்ணெய் தடவு. தண்டால் எடுத்தால் கரைந்துவிடும் என்று சொன்ன அண்ணனுக்கு, குனிந்து தன் செருப்பை மாட்ட முடியாது. தினேஷ் பள்ளிக்கூடம் போவதைக் குறைத்தான். விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் அவனுக்கு வயிற்று வலி வந்தது. சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுவான். வீட்டில் அவன் குரலே கேட்காமல் போனது. எனக்கு உள்ளுக்குள் பயம். வெளியே ஜோக் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

பெங்களூரில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக்கின் எண் கிடைத்தது. “காலையில வாங்க சார், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள் போனில் ஒரு பெண். பையனுக்கு என்ன வயது என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அது தப்பாகப் படவில்லை. நல்ல வேகம் என்று தோன்றியது. தினேஷைக் கேட்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறித்தேன்.

சூளகிரியில் பஸ் ஏறினோம். சானமாவு காட்டருகே வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கப் போகிறது, வனத்துறைக்காரர்கள் மறித்திருக்கிறார்கள் என்றார் கண்டக்டர். நான் எழுந்து நின்று கத்தினேன். “இதுங்களுக்கு ரோடு தாண்ட வேற நாளே கெடைக்கலியா?”

முன்சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எறங்கிப் போயி நீங்களே கேட்டுட்டு வாங்கண்ணா” என்றார்.

கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நேரம் தவறினால் இன்றைக்கு இல்லை என்றார்கள். அப்போது வேடியப்பனையே திட்டினேன். உன்னிடம் நான் என்ன கேட்டேன், நீ யானையை விட்டு வழியை மறிக்கிறாயே, உனக்குப் பால்குடம் ஒரு கேடா என்று. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னேன். சாமிக்குத் தெரிந்திருக்கிறது.

தினேஷ் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான்.

“இது யாருக்குப்பா ஆபரேசன்? எனக்கா, மாணிக்கம் சித்தப்பாவுக்கா?”

“உனக்குத்தாண்டா. அவனுக்குன்னா வாய்லதான் பண்ணணும்.”

அவன் சிரிக்கவில்லை. “அவரு கையில சட்டையப் புடிச்சு இழுத்தாரு. நீ சாமிகிட்ட சொல்லி இழுக்கற. ஒரு வாட்டியாச்சும் வலிக்குதாடான்னு கேட்டியா?”

வெளியே ஒரு குட்டியை நடுவில் விட்டு யானைகள் மெதுவாகக் கடந்தன. ஒன்றுகூட அந்தக் குட்டியைத் தள்ளவில்லை. அதன் நடைக்கு மற்றவை நடந்தன.

“வலிக்குதாடா?” என்று கேட்டேன்.

“லெஃப்ட் சைடு. பை மாட்டுனா வலிக்குது.”

பெங்களூர் போகவில்லை. ஓசூரிலேயே இறங்கி, விசாரித்து, ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா, “எப்ப ஆரம்பிச்சது?” என்றார். நான் வாயைத் திறந்தேன். “நான் உங்கள கேக்கல” என்றார். என்ன மாத்திரை சாப்பிட்டான், ஜிம் பவுடர் எதுவும் உண்டா, எடை கூடியதா, வலி எப்போது, எல்லாம் அவனிடமே கேட்டார். முழுதாகப் பரிசோதித்தார். ஈரல், தைராய்டு, ஹார்மோன் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். ஸ்கேனும் எழுதினார்.

“டாக்டர், இன்னைக்கே எடுத்துடலாமா?”

“இன்னைக்கே எடுக்க இது என்ன தாடியா?” என்றார். “வளர்ற பசங்களுக்கு ஹார்மோன் ஏறி எறங்கறப்ப இது சகஜமா வரும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருசத்துல தானா அமுங்கிடும். வளர்ற நேரத்துல அறுத்தா திரும்பவும் வரலாம். தழும்பு நிக்கும், குழி விழலாம், தோல் மரத்துப் போகலாம். மொதல்ல உள்ள வேற நோய் இல்லன்னு பாப்போம். அப்புறம் காத்திருப்போம். அப்பவும் கெட்டியா நின்னு, அவனுக்கே வேணும்னு பட்டா செய்வோம். நல்லா கேட்டுக்கோங்க, அவனுக்கு.”

பிறகு அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்து கும்பிட்டேன். இந்த முறை பேரம் பேசவில்லை. அப்பனே, கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இவனுக்குள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன். முடிவுகள் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனி லைனில் நல்ல பீஸையும் சேர்த்துச் சிவப்புப் பெட்டியில் போட்டேன் என்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

முடிவுகள் வந்தன. எந்த நோயும் இல்லை. மாத்திரைகூட எழுதித் தரவில்லை. கழிப்பறைக்குள் போய் அழுதேன். அங்கேதான் யாரும் ஜோக் எதிர்பார்க்க மாட்டார்கள்.

காத்திருந்தோம். அதற்கு ஈடான விரதம் நான் இருந்ததில்லை. வலது பக்கம் மெல்ல அமுங்கியது. இடது பக்கம் கெட்டியாகவே நின்றது, வலியும் போகவில்லை. பதினேழு வயதில் அவனே டாக்டரிடம் செய்துகொள்கிறேன் என்றான். அவர் பின்விளைவுகளை எல்லாம் திரும்பச் சொன்ன பிறகும் அதையே சொன்னான். நல்லபடியாக முடிந்தது. சில வாரம் இறுக்கமான உள்ளாடை போட்டிருந்தான். சின்னத் தழும்பு இருக்கிறது. ஓரிடத்தில் இன்னும் மரத்திருக்கிறதாம். பரவாயில்லப்பா என்கிறான். இப்போது பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

இந்தச் சித்திரைக்கு வந்தோம். மாணிக்கம் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். “அண்ணே, பால்குடம் பாக்கி இருக்குதுல்ல. பையனக் கழட்டச் சொல்லு.”

தினேஷ் என்னைப் பார்த்தான். “வேண்டுனது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீதான் தூக்கணும்.”

நான் சட்டையைக் கழற்றினேன். இத்தனை வருடக் கம்பெனி கேன்டீன் சாப்பாடு மொத்தமும் வெளியே வந்தது. நீங்கள் சிரித்தீர்கள். ஆபரேஷன் ஆள் மாறிப் போச்சு என்று மாணிக்கம் கூவினான். குடத்தைத் தூக்கி நடந்தேன். பால் வழிந்து கண்ணில் விழுந்தபோது தினேஷ் துண்டால் துடைத்தான். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். வாசல்படி வந்ததும் நின்றுவிட்டான்.

“எனக்குத் தோணறப்ப உள்ள வரேன். சாமி எங்கியும் போயிடாது.”

பங்காளிகளே, நம் அப்பன் கேட்டதைக் கொடுக்கிற சாமி மட்டுமல்ல, தப்பாகக் கேட்டால் யானையை விட்டு மறிக்கிற சாமி. நம்பிக் கேளுங்கள். வேண்டுதலை உங்கள் உடம்பில் வையுங்கள், பிள்ளை உடம்பில் வைக்காதீர்கள். சாமியிடம் கேட்கும் முன், வலிக்கிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள்.

இதை எழுத தினேஷ் சம்மதித்தான். அழுகாச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

அடுத்த சித்திரையிலும் அவன் சட்டையோடு வாசலில் நின்றால், யாரும் அவன் காலரைத் தொட வேண்டாம். தொட்டால் நான் மறுபடி என் சட்டையைக் கழற்றுவேன். அது எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.