காரவன் பார்க்கின் அறுபத்தாறு குழந்தைகள்

முல்கரா என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரி மருத்துவச்சி மெரில் டக்கெட்டுக்கு வழவழப்பான காகிதத்தைக் கண்டாலே ஆகாது. நல்ல செய்தி எதுவும் அதில் அவளுக்கு வந்ததில்லை. எக்ஸ்ரே யந்திரத்தை இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹார்வுட் நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது வழவழப்பான காகிதம் வந்தது. பிரசவ அறையை மூடியபோது அதைவிடக் கனமான காகிதம் வந்தது. இப்போது வட்டாரத்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் கோதுமை வயலில் வெறுங்காலோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு கர்ப்பிணி. குத்தும் கோதுமைத் தட்டைகளில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்கள் எடுத்த படம் அல்ல அது.

மெரில் ஊருக்கு வடக்கே ஓர் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள். ஹார்வுட்டில் நர்ஸ் படிப்பு, பிறகு மருத்துவச்சிப் படிப்பு. கவுன்சிலில் மண் சாலைகளைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டும் ராஸைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வயதில் திரும்பி வந்தாள். அதிலிருந்து முப்பத்து நான்கு வருஷம் அதே ஆஸ்பத்திரிதான். கையால் பந்தைப் பிடித்தும் ஆடும் ஊர்க் கால்பந்து அணியில் பதினோரு பேர் அவள் கையில் விழுந்தவர்கள். அதில் ஒருவனுக்குக்கூடப் பந்தைப் பிடிக்கத் தெரியாதது தன் குற்றமில்லை என்று ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்லிக்கொள்வாள். கோபக்காரி. டாக்டர்கள் வருவார்கள், ஆறு மாதத்தில் போய்விடுவார்கள். போகிறவர்களுக்கு அவள் கேக் செய்து தருவதில்லை. "வந்ததுக்குச் செஞ்சேனே, போதும்" என்பாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பிரசவ அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். இப்போது அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் மரமும் இருக்கின்றன. மிச்சம் விட்டுவைத்தது செவ்வாயும் வெள்ளியும் நடக்கும் கர்ப்பிணி க்ளினிக்கை மட்டும். முப்பத்தாறாவது வாரம் வந்ததும் முல்கராப் பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஹார்வுட்டுக்குப் போய், நதிச் சாலையில் பயணிகள் வாடகைக்குத் தங்கும் காரவன் பார்க்கில் சின்னக் கொட்டகை எடுத்துத் தங்கி, வலி வரக் காத்திருப்பார்கள். பிள்ளை பெற்ற மறுநாளே ஆஸ்பத்திரி அவர்களை அனுப்பிவிடும். பச்சை உடம்போடு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் குலுங்க முடியுமா? திரும்பவும் காரவன் பார்க்கில்தான் நாலைந்து நாள் கிடப்பார்கள்.

அந்த நாலைந்து நாளுக்காக மெரில் ஒரு காரியம் செய்தாள். ஹார்வுட்டில் பிள்ளை பெற்றவர்களை மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பாள். ஆனால் ஹார்வுட் முகவரி இருந்தால்தான் வருவாள். ஆஸ்பத்திரிப் படிவத்திலோ முகவரிக்கு ஒரே ஒரு கோடுதான். அதனால் ஒவ்வொரு பெண்ணிடமும் மெரில் சொன்னாள்: "வீட்டு அட்ரஸ எழுதாத கண்ணு. காரவன் பார்க்குன்னு எழுது. நர்ஸ் வருவா." பெண்கள் அப்படியே எழுதினார்கள். நர்ஸும் வந்தாள். பால் கட்டிக்கொண்ட மார்பையும் மஞ்சள் பூத்த குழந்தையையும் காய்ச்சலையும் நேரத்தோடு கண்டுபிடித்தாள். பன்னிரண்டு வருஷமாக இது நடந்தது. தன் வாழ்நாளில் செய்த புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று மெரில் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு திட்டக்காரர்கள் ஊருக்கு வந்து மாதர் சங்கக் கூடத்தில் கருத்துக் கேட்டார்கள். ஏட்ரியன் லாக் என்பவன் தலைவன். முப்பத்தைந்து வயதிருக்கும், தூசு படாத பூட்ஸ். ஆளுக்கு மூன்று நிறத்தில் ஒட்டுச் சீட்டு கொடுத்தான். மஞ்சளில் கவலையை எழுத வேண்டும், பச்சையில் கனவை எழுத வேண்டும், சிவப்பில் துணிச்சலான யோசனையை எழுத வேண்டும். மூன்று மாதமாக இடுப்பு வலியோடு ஹார்வுட்டில் இடம் கிடைக்கக் காத்திருந்த கிழவர் ஒருவர் மஞ்சளில் "பரவாயில்லை" என்று எழுதி ஒட்டினார். முல்கராக்காரர்கள் இப்படித்தான். கை முறிந்து தொங்கினாலும் வெளியூர்க்காரனிடம் குறை சொல்ல மாட்டார்கள். மெரில் மட்டும் மூன்று நிறத்திலும் ஒரே வரியை எழுதி ஒட்டினாள்: க்ளினிக்கை எடுத்துவிடாதீர்கள்.

இப்போது சமையலறை மேஜையில் திட்டம் கிடந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் முல்கராவுக்கு நாலு வரி. மூன்று வருஷத்தில் இந்த ஊர்த் தாய்மார்கள் பெற்ற குழந்தைகள் மூன்று. தேவை மிகக் குறைவு. ஜூன் கடைசியோடு க்ளினிக் மூடப்பட்டு, இனிக் கணினித் திரை வழியே பராமரிப்பு.

"மூணா?" என்றாள் மெரில். "ராஸ், இங்க பாரு. மூணு பிள்ளையாம்! போன வருஷம் மட்டும் இருபத்திரண்டு பொண்ணுங்க வயித்த நான் தொட்டுப் பாத்திருக்கேன். அத்தனையும் என்ன, வாயுவா?"

ராஸ் உப்பிட்ட மாட்டிறைச்சியை மென்றுகொண்டே பக்கத்தைப் புரட்டினான். ஹார்வுட்டின் வரைபடத்தில் நதிச் சாலை மேல் பெரிய ஆரஞ்சு வட்டம் இருந்தது. இளம் குடும்பங்கள் வேகமாகப் பெருகும் பகுதி என்று போட்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் அறுபத்தாறு பிறப்புகள். அங்கே இருபது அறைகளோடு புதிய தாய்-சேய் மையம் கட்டப்படும்.

"நதிச் சாலையில காரவன் பார்க்கத் தவிர என்ன இருக்கு?" என்றான் ராஸ். "ஒரு டயர் கடை, ஒரு நாய் காப்பகம். அங்க யாரு அறுபத்தாறு பெத்தா?" கேட்டுவிட்டு அவனே வாய்விட்டுச் சிரித்தான். "மெர், அது நம்ம புள்ளைங்கடி! எல்லாத்தையும் காரவன் பார்க்குல வச்சு எண்ணியிருக்கானுங்க!"

மெரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் தள்ளிவைத்தாள். அறுபத்தாறு பெண்கள் ஒரே கொட்டகை வரிசையில் வாழ்கிறார்களாம், ஒவ்வொருத்தியும் பெற்றவுடன் மாயமாக மறைந்துபோகிறாளாம், அது ஒருவன் கண்ணிலும் உறுத்தவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவர்களில் ஒருத்தன் அந்தச் சாலையில் ஒரு தரம் காரில் போயிருந்தால் போதும். அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. அந்த முகவரியை எழுதச் சொன்னது யார் என்று நினைத்தபோது அந்த ஆத்திரம் அவள் மேலேயே திரும்பியது. ஊர்க் குழந்தைகளை ஒவ்வொன்றாக ஊர்க் கணக்கிலிருந்து அழித்தது அவள் கைதான்.

திட்டத்தை வெளியிட அடுத்த வாரம் அதே கூடத்தில் கூட்டம். பாய்லரில் தேநீர், தேங்காய்ப்பூ தூவிய கேக், திரையில் அந்தக் கோதுமைக் கர்ப்பிணி. ஏட்ரியன் இருபது நிமிஷம் பேசினான். கேள்வி உண்டா என்று கேட்டதும் மெரில் எழுந்தாள்.

"தப்பு என்னோடது. அந்த அறுபத்தாறும் இந்த ஊர்ப் பிள்ளைங்க. நர்ஸ் வரணுமேன்னு பார்க் அட்ரஸ எழுதச் சொன்னது நான்தான். வேணும்னா எண்ணிக்கோங்க. அதோ அந்த வரிசையில மட்டும் ஏழு இருக்கு."

அவள் காட்டிய வரிசையில் ஒரு குழந்தை கேக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. ஏட்ரியன் அதைப் பார்த்துப் புன்னகைத்தான். வசதியாகப் புன்னகைக்கப் பழகிய முகம்.

"ரொம்ப நன்றி மெரில். உங்க குரல் எங்களுக்கு ரொம்ப முக்கியம். இத சமூகத்தோட கருத்தாப் பதிவு பண்ணிக்கறோம்."

"கருத்தா? இது கருத்து இல்லய்யா, கணக்கு! கணக்கு தப்புங்கறேன்."

"புரியுது. ஆனா எங்களுக்கு வந்த தகவல வச்சுத்தானே நாங்க திட்டம் போட முடியும்? அமைச்சகம் கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த மறுஆய்வு அஞ்சு வருஷத்துல வரும்."

"சரி, அந்தப் படிவத்துல இன்னொரு கோடு போடுங்க. ஊர் அட்ரஸுக்கு ஒண்ணு, தங்கற அட்ரஸுக்கு ஒண்ணு. ஒரு கோடுதானே?"

"படிவம் எங்க பிரிவு இல்லீங்க" என்று ஏட்ரியன் நிஜமான வருத்தத்தோடு சொன்னான். "அது வேற பிரிவு. அவங்களுக்கும் ஒரு திட்டம் இருக்கு."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். இடுப்பு வலிக் கிழவர் மட்டும் "போங்கடா மண்ணாங்கட்டி" என்று சத்தமாகவே சொன்னார். முல்கராவில் வெளியூர்க்காரனிடம் ஒருவர் அவ்வளவு பேசியதை மெரில் அன்றுதான் கேட்டாள். ஆனால் இரண்டு வருஷம் தாமதம்.

தேநீர் மேஜையருகே ஏட்ரியன் அவளைத் தேடி வந்தான். கெட்டவன் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நதிச் சாலை மையத்துக்கு அனுபவமுள்ள மருத்துவச்சி வேணும். நீங்க வந்தா நல்லா இருக்கும். தாய்மார்கள் வாழற இடத்துலயே இருக்கலாம்."

"தாய்மார்கள் வாழற இடத்துலதான் முப்பத்து நாலு வருஷமா இருக்கேன்" என்றாள் மெரில். "உன் கேக்கத் தின்னுட்டுக் கிளம்பு."

அவன் போகாமல் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா இருக்க வேணாம். இனிமே போற எல்லாரும் ஊர் அட்ரஸயே எழுதட்டும். அஞ்சு வருஷத்துல எண்ணிக்கை தானா ஏறும். அப்ப க்ளினிக்கத் திரும்பக் கேக்கலாம். கண்டிப்பாக் கிடைக்கும்."

அவன் சொன்னது உண்மைதான். அந்த வாரம் முழுக்க அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. க்ளினிக் திரும்பி வர ஒரே வழி, ஐந்து வருஷத்துக்குப் பெண்களை நர்ஸ் இல்லாமல் கொட்டகையில் கிடக்கச் சொல்வது. எண்ணப்பட வேண்டுமென்றால் கவனிப்பை விட வேண்டும். கவனிப்பு வேண்டுமென்றால் ஊர் கணக்கில் இருக்காது. இப்படி ஒரு கேவலமான பேரத்தை எந்தக் கயவனும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை, நல்லவர்கள் பலர் தங்கள் தங்கள் பிரிவில் ஒழுங்காக வேலை பார்த்ததிலேயே உண்டாகிவிட்டது என்பது அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கேசி லார்க்கின் க்ளினிக்குக்கு வந்தாள். ஆட்டு ரோமம் வெட்டுகிறவனின் மனைவி, இரண்டாவது பிள்ளை, முப்பத்தாறாவது வாரம். மறுநாள் ஹார்வுட்டுக்குக் கிளம்ப வேண்டும். முதல் பிள்ளை பெற்ற நாலாம் நாள் கொட்டகையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் அலுப்பு என்று நினைத்துப் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் வந்த நர்ஸ் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த நிமிஷமே ஆம்புலன்ஸை வரவழைத்தாள். இன்னும் அரை நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மெரில் இரத்த அழுத்தம் பார்த்தாள், வயிற்றை அளந்தாள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தாள். படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். முகவரிக் கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.

"முல்கரான்னே எழுதுங்க மெரில்" என்றாள் கேசி. "கூட்டத்துல நானும் இருந்தேன்ல. நாங்க பொண்ணுங்க எல்லாரும் பேசிட்டோம். இனிமே யாரும் பார்க் அட்ரஸ எழுதறதில்ல."

"நர்ஸ் வர மாட்டா."

"தெரியும். எனக்கு ஒண்ணும் ஆகாது. பரவாயில்ல."

பரவாயில்லை. இந்த ஊரின் அதே பாழாய்ப்போன வார்த்தை. மெரிலுக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் தன் உயிரை ஒரு கணக்குக்காகப் பணயம் வைக்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே. வேண்டாம் என்று சொன்னால் க்ளினிக் திரும்பி வராது, இந்த அறையிலும் நாற்காலி அடுக்குவார்கள், முப்பத்து நான்கு வருஷமும் நாற்பத்தோராம் பக்கத்தின் நாலு வரியாகவே நின்றுவிடும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேசி காத்திருந்தாள்.

"போன தடவ உனக்குக் காய்ச்சல் எத்தனாவது நாள் வந்துச்சு?" என்று மெரில் கேட்டாள்.

"நாலாம் நாள். ஆனா இந்தத் தடவ..."

"வாய மூடு கண்ணு" என்றாள் மெரில். தலையைக் குனிந்துகொண்டு, நதிச் சாலை, காரவன் பார்க், ஹார்வுட் என்று தன் கையாலேயே எழுதினாள். கேசி ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் முத்திரை குத்தி உறையில் போட்டு ஒட்டினாள். அடுத்த மாதம் கேசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் நர்ஸ் வந்து பார்த்தாள். நதிச் சாலையின் எண்ணிக்கை ஒன்று ஏறியது.