கால்வாயைத் தாண்டாமல் எழுதிய அறிக்கை

நான் பார்க்காத கழனியைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்திட்டேன். அதனால் ஒரு பெண்ணின் விதைநெல் அரிசி ஆலைக்குப் போனது. விதைச் சான்று அலுவலராக இருந்தபோது நான் செய்த தவறு அது. தெரியாமல் தொடங்கி, தெரிந்தே முடித்தேன்.

எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் விதைக்கும் சொர்ணவாரிப் பட்டத்து நெல் பூப்பதும் ஆடிக் கிருத்திகையும் அநேகமாக ஒன்றாக வரும். பூக்கும்போது வயலைப் பார்த்தால்தான், கலவன் என்று நாங்கள் சொல்லும் வேற்று ரகப் பயிர் தனியாகத் தெரியும். அந்தப் பெண் ஆய்வுக்கு முந்தின நாளே தொலைபேசியில் கேட்டார்.

"சார், நாளைக்கு மலைல எனக்கு மொட்டை வேண்டுதல். திருவிழா முடிஞ்சதும் வாங்களேன், நான் கூட இருந்து காட்றேன்."

"உங்க வேண்டுதல் முடியிற வரைக்கும் நெல்லு பூக்காம காத்துகினு இருக்குமா?" என்றேன். இதைச் சொல்லிவிட்டு அலுவலகத்தில் சிரிக்க வேறு செய்தேன்.

மறுநாள் திருத்தணிக்குள் ஜீப் நுழையவில்லை. காவடிக் கூட்டம். இறங்கி நடந்து, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, அவர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எரிச்சல் தலைக்கேறியிருந்தது. அங்கே ஒரே சர்வே எண்ணில் இரண்டு கழனிகள். ஏரிக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் அவருடைய கொழுந்தனாருடையது. அந்தப் பக்கம் அவருடையது. வரைபடம் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை. கால்வாயில் தண்ணீர் ஓடியது, நான் ஷூ போட்டிருந்தேன். சாலையோரக் கழனியில் நெட்டையும் குட்டையுமாகக் கலவன் நிறைந்து நின்றது. அதுதான் விதைக் கழனி என்று முடிவுகட்டி, நிராகரிக்கலாம் என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரமே அவர் அலுவலகத்துக்கு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"சார், எந்தக் கழனியப் பாத்தீங்க? கால்வாய்க்கு அந்தாண்டதானே?"

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"ஆங், அந்தாண்டதான்" என்றேன்.

"ஒரு கலவன் இல்லாம நானே இறங்கிப் புடுங்கினேன் சார். இன்னொரு தபா வந்து பாருங்க."

"பூ முடிஞ்சுபோச்சும்மா. இனிமே பார்க்க முடியாது."

பூ முடிந்திருக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வேறு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதுவரை ஊரில் பலர் அவரிடம்தான் விதை வாங்கினார்கள். பிறகு யாரும் வாங்கவில்லை. "கலவன்காரி" என்று முதலில் கூப்பிட்டவர், கலவன் நின்ற கழனிக்குச் சொந்தக்காரரான அந்தக் கொழுந்தனாரேதான். எங்கள் துறைக்காரர் ஒருவர் இதை எனக்கு ஏதோ நகைச்சுவை போலச் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு, போன ஆண்டுதான் துணிவு வந்தது. பழைய அலுவலகத்துக்குப் போய், அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். இளம் அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார்.

"நிராகரிச்ச ஃபைலெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு சார். இல்லாத ஃபைல்ல எதைத் திருத்தறது?"

"அப்போ புகாரா எடுத்துக்குங்க."

"யார் மேல சார்?"

"என் மேலதான்."

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே! புகார்னா பாதிக்கப்பட்டவங்க குடுக்கணும். கம்ப்யூட்டர்ல வேற வழியில்ல சார். டீ சாப்பிடறீங்களா?"

இந்த மாதிரிப் பதில்களை ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். டீ வேண்டாம் என்று எழுந்தேன்.

நேரே அந்தக் கிராமத்துக்குப் போய், பால் சொசைட்டியில் பால் ஊற்ற ஊர் கூடியிருந்த நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அம்மாவோட கழனிய நான் பார்க்கவே இல்ல. பார்த்தது கால்வாய்க்கு இந்தப் பக்கம். தப்பு என்னுது."

கொழுந்தனார் கேனைக் கீழே வைத்தார். "இன்னா சார், இத்தினி வருசம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா? அண்ணி எத்தினி மூட்டை குடுத்தாங்க?"

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். சிரிப்பு அடங்கிய பின் என்னிடம் வந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல சார்? அப்பவும் நான் இல்லாதப்போ வந்தீங்க. இப்பவும் கேக்காம வந்து பேசறீங்க."

பேருந்து பிடித்துத் திரும்பினேன்.

இந்த ஆண்டு சொர்ணவாரியில் அவர் மறுபடியும் விதைக் கழனி பதிவு செய்தார். ஆய்வு நாளில் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போகவில்லை. புதிய அதிகாரி கழனி முழுக்க நடந்து பார்த்து, தகுதி என்று எழுதினார். மூட்டைகளில் சான்று பெற்ற விதைக்கான நீல அட்டை ஏறியது.

கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். விதை விற்றதா என்று கேட்டேன்.

"வெளியூர்க்காரங்க வாங்கினு போறாங்க. எங்க ஊர்ல யாரும் வாங்கல. பழைய ஆபீசர் சொல்லித்தான் பாஸ் பண்ணாங்கன்னு பேசிக்கறாங்க."

நான் வந்து சொல்லட்டுமா என்று வாயெடுத்தேன்.

"ஐயோ, வேணாம் சார்" என்று சொல்லி, வந்து நின்ற பேருந்தில் ஏறிவிட்டார்.