கிணற்றடியில் இரண்டு கதிரைகள்

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. ஓட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கிணற்றடியில் எதிரெதிராகப் போட்டிருந்த இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள். ஒன்றின் மேல் துவாய் விரித்திருந்தது. வருகிறவருக்கு இருக்கை சுடாமல் இருக்க யாரோ செய்த ஏற்பாடு. அடுத்துக் கண்ணில் பட்டது கேற்றுத் தூணில் இருந்த கமெரா.

முள்ளியவளையிலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதியில் இருந்தது அந்த வீடு. பதின்ம வயதினரின் பதற்றம், மனச்சோர்வு, அவற்றில் குடும்பத்துக்கு உள்ள பங்கு ஆகியவற்றை ஆராய்ந்த பல்கலைக்கழகக் குழு ஒன்றில் நான் கள மேற்பார்வையாளராக இருந்தேன். பாடசாலையில் முதல் வினாக்கொத்தை நிரப்பிய பிள்ளைகளில் ஸ்கோர் கூடியவர்களை வீட்டில் சந்தித்து நீண்ட நேர்காணல் செய்வது என் வேலை. அதற்கு முன் பல வருடங்கள் பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பார்த்ததற்கு அர்த்தம் என்ன என்பதில் பத்திரிகைக்காரர்களும் பிழை விடுவார்கள்.

பிள்ளையின் பெயரை மாற்றிச் சங்கவி என்று எழுதுகிறேன். பதினைந்து வயது, தரம் பத்து. வீட்டில் அவளும் தாயும் மட்டும். தகப்பன் ஐந்து வருடமாகக் கட்டாரில் கட்டட வேலை.

"மிஸ், கிணத்தடியில இருப்பமே? காத்து வரும்" என்றாள் சங்கவி.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நேர்காணல் மூன்றாவது ஆளின் காதில் விழக்கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதல் விதி.

"வெளியில வேண்டாம் பிள்ளை. உள்ள இருந்து கதைப்பம்."

அவள் துவாயை எடுத்து மடித்தாள்.

தாய் சம்மதப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தார். அவரைக் குசினிக்குள் போய் இருக்கச் சொன்னேன்.

"நான் தேத்தண்ணி போடுறன். ஒரு சொல்லும் கேக்க மாட்டன்" என்றார். "கேட்டாலும் விளங்கவா போகுது, உங்கட யூனிவர்சிற்றிக் கதை!"

ஹோலின் கதவைச் சாத்தினேன். யன்னலையும் சாத்தினேன். விதிப்படி எல்லாம் சரி.

மேலிருந்து வந்த குரல்

சங்கவி உதடு அதிகம் அசையாமல் பதில் சொன்னாள். பாடசாலை, நண்பிகள், சாப்பாடு பற்றிய கேள்விகளுக்குச் சாதாரணக் குரல். நித்திரை, பயம், நெஞ்சுப் படபடப்பு என்று வந்ததும் குரல் இறங்கியது. சிலவற்றுக்கு வாய் திறக்காமல், நான் நீட்டிய டெப்லெட்டின் திரையில் விரலால் தொட்டுக் காட்டினாள். அதை நான் பதற்றத்தின் அறிகுறி என்று குறித்தேன்.

கடைசிப் பகுதியில் ஒரு கேள்வியை விதிப்படி வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதிலையும் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

"போன ரெண்டு கிழமையில, உயிரோட இருக்கிறது வேண்டாம் எண்டு நினைச்சிருக்கிறியோ?"

நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"சில நாளில… விடியாம இருந்தா நல்லம் எண்டு இருக்கும்."

"சங்கவி!"

குரல் மேலே இருந்து வந்தது. ஆண் குரல். நான் அண்ணாந்து பார்த்தேன். ஹோலின் நடுவில் தொங்கிய மின்குமிழின் கீழ்ப்பாதி மெல்ல என் பக்கம் திரும்பியது. அதில் கறுப்பாக ஒரு கண்ணாடி வட்டம் இருந்தது; மின்குமிழ் வடிவில் ஒரு கமெரா.

"ஆர் உந்த மனிசி? நீ இப்ப என்ன சொன்னனி?"

சங்கவி எழுந்து நின்றாள். பாடசாலையில் அதிபர் உள்ளே வந்தால் பிள்ளைகள் நிற்பதுபோல, கை இரண்டும் பக்கத்தில்.

"யூனிவர்சிற்றியில இருந்து வந்திருக்கினம், அப்பா."

"அம்மாவைக் கூப்பிடு."

கூப்பிடத் தேவை இருக்கவில்லை. தாய் ஈரக் கையோடு வாசலில் நின்றார்.

"நீயோ இவையை உள்ள விட்டனி? என்ர பிள்ளைக்கு விசரெண்டு எழுதிக்கொண்டு போகப்போகினம். நாளைக்கு ஆர் இவளைக் கட்டுவான்?"

தாய் சுவரடிக்குப் போய் லைற் சுவிச்சை நிறுத்தினார். மின்குமிழ் அணைந்தது.

"கரண்ட் போயிட்டுது" என்றார் என்னைப் பார்த்து.

அவருடைய தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவருடைய கைத்தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவர் எடுக்கவில்லை. "கிணத்தடிக்குப் போங்கோ மிஸ்" என்றார். "நாங்கள் தாயும் பிள்ளையும் கதைக்கிறதே அங்கதான். கேற்றுக் கமெராவுக்கு அந்தப் பக்கம் தெரியாது."

மூன்று நாள்

வேலிக்கு அப்பால் தோய்த்த பெண் உள்ளே போகும்வரை காத்திருந்து, மீதிக் கேள்விகளைக் கிணற்றடியில் கேட்டேன். தன்னைத் தானே ஏதும் செய்துகொள்ளும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. ஆனால் விடியாமல் இருந்தால் நல்லம் என்ற நினைப்பு அடிக்கடி வந்தது. எங்கள் குழுவின் டொக்டருக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். தனியே விட வேண்டாம், செவ்வாய்க்கிழமை மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிவரட்டும், நிலைமை மாறினால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்றார்.

தாய் தகப்பனின் வட்ஸ்அப் குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். கிளினிக் படியில் கால் வைத்தால் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டி, பிள்ளையை வவுனியாவில் உள்ள தன் அக்காவிடம் அனுப்பிவிடுவாராம்.

"சொன்னாச் செய்வாரோ?"

"செய்வார். ரோசக்காரன். மிஸ், நீங்கள் ஒருக்கா அவரோட கதைச்சுப் பாருங்கோவன்."

சங்கவியைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தகப்பனுடன் போனில் கதைத்தேன். பிள்ளை சொன்ன எதையும் நான் அவருக்குச் சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொன்னேன். முதல் பத்து நிமிடம் அவர்தான் கதைத்தார்.

"உளவு பாக்கிறனெண்டு நினைக்காதேங்கோ மிஸ். ரெண்டு பொம்பிளையள் தனிய இருக்கிற வீடு. நான் இஞ்ச ஒரு றூமில எட்டுப் பேரோட கிடக்கிறன். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, வீட்டை ஒருக்காப் பாத்தாத்தான் கண் மூடும்."

"அப்ப பிள்ளையைப் பற்றி உங்களுக்குத்தான் கூடத் தெரியும் அண்ணை. அவள் எப்பிடி நித்திரை கொள்ளுறவள்?"

"நித்திரையோ?" யோசித்தார். "சாமத்தில எழும்பி இருக்கிறவள். சாப்பாட்டு பிரேக்கில பாப்பன். ஹோலில, பாயில நிமிந்து குந்திக்கொண்டு இருப்பாள். நான் 'படு' எண்டு சொன்னா உடன படுத்திடுவாள். சொல்வழி கேக்கிற பிள்ளை."

"எவ்வளவு காலமா?"

அவர் மாதங்களை வாய்க்குள் எண்ணினார்; பாதியில் விட்டார்.

"சிரிக்கிறவளோ?"

"முந்திச் சிரிக்கிறவள். நான் போகேக்க பத்து வயசு, வாய் மூட மாட்டாள். இப்ப போனில எடுத்தா 'ஓம் அப்பா, இல்லை அப்பா', ரெண்டு சொல்லுத்தான். அதுக்குத்தானே மிஸ் நான் ஹோலுக்குள்ளயும் ஒண்டை வைச்சனான். சிரிக்கிறதையாவது காணலாம் எண்டு."

"கண்டியளோ?"

தொடர்பு துண்டிக்கப்பட்டது. சிக்னல் போனதா, அவர் வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. திரும்ப எடுத்தேன். பதில் இல்லை.

திங்கட்கிழமை தாய்க்கு இரண்டு முறை எடுத்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், சாப்பிட்டாள், இரவில் தன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள் என்றார். கிளினிக்குக்கு வருவார்களா என்று கேட்டேன். "பாப்பம் மிஸ்" என்றார்.

கிளினிக்

செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கொரிடோரில் போய் இருந்தேன். நம்பர் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒன்பது மணி பஸ் வந்து போனது. தாய்க்கு எடுத்தேன்; அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. வவுனியா பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தேன். அதைத் தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. வாங்கில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

பதினொரு மணிக்குச் சற்று முன் அவர்கள் வாசலால் வந்தார்கள். சங்கவி வெள்ளைச் சீருடையில் இருந்தாள். தாய் கைத்தொலைபேசியை வெளிப்பக்கம் பார்க்கத் தூக்கிப் பிடித்திருந்தார். திரையில் இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் ஒரு மனிதர் குனிந்து இருந்தார்.

"அவரும் வாறாராம்" என்றார் தாய். "பஸ் ஏறினதில இருந்து லைனில நிக்கிறார். உங்கட கோலை எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

கிளினிக் டொக்டர் முதலில் பிள்ளையை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். போன் வெளியே. சங்கவி உள்ளே போனாள், கதவு மூடியது. தாய் போனை என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

"உள்ள என்ன கதைக்கினம் மிஸ்?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"உங்களுக்கும் கேக்காதோ?"

"கதவு பூட்டியிருக்கு."

அவர் திரைக்கு மிக அருகில் வந்தார். நெற்றி மட்டும் தெரிந்தது. அரை மணித்தியாலம் அப்படியே இருந்தார். நானும் போனைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு டொக்டர் தாயை அழைத்தார். கடைசியில் போனையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். தகப்பனிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் கூடாது.

ஆறு மாதம் கழித்து

களவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தை நான் சொல்வதற்குக் காரணம் கமெரா அல்ல. இப்போது எங்கள் பட்டியலில் கமெரா பற்றிய கேள்வி உண்டு. அதைச் சேர்ப்பது சுலபம். காரணம் இது: பிள்ளை கதிரை போட்ட இடத்தை வேண்டாம் என்று சொல்லி, எது பாதுகாப்பான இடம் என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வீட்டில் எந்த மூலைக்குக் காது இருக்கிறது, எதற்குக் கண் இருக்கிறது என்ற ஆராய்ச்சியை அவள் எங்களுக்கு முன்பே முடித்திருந்தாள். ஆகவே எந்த வீட்டிலும் முதல் கேள்வி இதுதான்: "எங்க இருந்து கதைப்பம்?" பதில் எதுவானாலும் அங்கே போய் இருங்கள். வேலிக்கு அப்பால் ஆள் நின்றால், அந்த ஆள் போகும்வரை காத்திருங்கள்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது நேர்காணலுக்குப் போனேன். சங்கவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்கும் போனாள். கேற்றுக் கமெரா இருந்த இடத்தில் இருந்தது. ஹோலில் சாதாரண மின்குமிழ்.

"அவரே சொன்னவர், கழட்டச் சொல்லி" என்றார் தாய். "கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன்."

"எங்க இருந்து கதைப்பம்?" என்று சங்கவியைக் கேட்டேன்.

"ஹோலிலயே இருக்கலாம் மிஸ். இப்ப அதில ஒண்டும் இல்லை."

சொல்லிவிட்டு ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு இரண்டு கதிரைகளையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.