அல்லிக் குளத்தில் விழுந்த பிஸ்கட் பெட்டி

தபால் கந்தோர் மணிக்கூட்டில் பகல் பதினொன்றே முக்கால். எங்கள் பிஸ்கட் தகரப் பெட்டி என் மடியிலிருந்து சரிந்து பூங்காக் குளத்துக்குள் விழுந்தது அப்போதுதான். பெரிய சத்தம்கூட வரவில்லை. இரண்டு அல்லி இலைகள் விலகின, பெட்டி உள்ளே போனது, இலைகள் மறுபடி சேர்ந்துகொண்டன.

எங்கள் மூன்று பேரின் பிரஜாவுரிமை மனுவுக்கான காகிதங்கள் அதற்குள் இருந்தன. என் கணவர் இத்தனை வருடமாக ஒரே தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறார் என்று மேனேஜர் துரை டைப் அடித்துக் கொடுத்த கடிதம், எங்கள் கலியாணப் பதிவு, மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். நுவரெலியாவில் விசாரணை ஒரு மணிக்கு. காகிதம் காட்டாவிட்டால் நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிடும், கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாலும் அனுப்புவார்கள். இந்த மலையைத் தவிர வேறு எதையும் நாங்கள் பார்த்தது கிடையாது.

அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தோம். லிந்துலை தாண்டுவதற்குள் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. விசாரணைக் கந்தோர் முற்றத்தில் நிற்க இடமில்லை. “கூட்டத்துல பொட்டி நசுங்கிரும், நீயே வச்சிரு. பார்க்குல போயி பாப்பாவ ஒக்கார வையி. ஒரு மணிக்கு முன்னால வந்துரு” என்று சொல்லிவிட்டு என் கணவர் வரிசையில் நின்றார்.

பூங்காவில் கல் கட்டிய குளம் ஒன்று. அதிலிருந்து ஒரு சிறிய வாய்க்கால் பாலத்துக்கடியில் வளைந்து ஓடும். கரையெல்லாம் கோரையும் வெள்ளை மடல் பூக்களும். காலையில் மூடிக் கிடந்த அல்லிகள் மூடுபனி விலகியதும் ஒவ்வொன்றாய் விரிந்துகொண்டிருந்தன. என் மடியில் பெட்டி. ஒரு பூவைப் பறித்து அதன் மேல் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. விசாரணைக்குப் போகிற காகிதம், பூ வைக்காமல் எப்படிக் கொண்டுபோவது? குனிந்து கையை நீட்டினேன். பூ கைக்கு வந்தது. பெட்டி போய்விட்டது.

பக்கத்தில் பூப் பறிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள், இங்கிலீஷிலும் சிங்களத்திலும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள், இங்கிலீஷ் வாசிப்பேன். அதனால்தான் யாரையும் கூப்பிட முடியவில்லை. பூத் திருடியவள் என்று ஒரு புகார் போனால், நல்ல நடத்தை உள்ளவர்களா என்று கேட்கிற விசாரணையில் என்ன பதில் சொல்வது? பூவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குடையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். சேறுதான் கலங்கியது.

பூங்காவின் தோட்டக்காரத் தம்பி ஒருவன் வாருகோலுடன் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். எங்களைப் போலத் தமிழ் ஆள்தான்.

“என்னக்கா தேடுறீங்க?”

“குடை விழுந்துருச்சு தம்பி.”

“கையில இருக்கிறது என்னக்கா?”

மகள்தான் சொன்னாள். “பொட்டி விழுந்துருச்சு மாமா. அம்மா பூ பறிச்சாங்க.”

“தோட்டத்துல கொழுந்து பறிக்கிறது போதலேன்னு டவுனுக்கு வந்து பூப் பறிக்கிறீங்களாக்கும்.”

“நான் டீச்சருங்க.”

“டீச்சரா? அப்ப போர்டு வாசிக்கத் தெரியுமே.”

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. அவனும் மனுப் போட்டிருந்தானாம். வாருகோலை நீட்டித் தட்டிப் பார்த்தான். அடியில் பழைய தேயிலைப் பெட்டிகளைச் சேறு நிரப்பி இறக்கித்தான் அல்லி நட்டிருக்கிறார்கள், அந்தப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி, அதற்குள் போனது கோலுக்கு அகப்படாது என்றான்.

“தண்ணிய எறக்கணும். கங்காணி சாப்பிடப் போயிருக்காரு. அவரக் கேக்காம அடைப்ப எடுத்தா என் சீட்டு கிழிஞ்சிரும்.”

நான் அவன் காலில் விழப் போனேன். “அட, விடுங்கக்கா, நீங்க வேற” என்று பின்னால் நகர்ந்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சாக்குச் சுற்றிய அடைப்பைப் பிடுங்கினான். அப்போது பன்னிரண்டே கால்.

தண்ணீர் இறங்கியது என்று சொல்லத்தான் வேண்டும், கண்ணுக்குத் தெரியவில்லை. கல்லில் ஒரு விரல் அகலம் ஈரக்கோடு. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரல். குழாய் வாயை இலை வந்து அடைக்கும், அவன் கையை விட்டு இழுப்பான். நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன், கல்லைப் பார்ப்பேன்.

அந்த நேரத்தில் நான் ஓடிப்போய் என் கணவரிடம் சொல்லியிருக்கலாம். கந்தோர் பத்து நிமிட நடைதான். மகளைத் தனியாக அனுப்பப் பயம், டவுன் அவளுக்குத் தெரியாது. அவளைக் குளத்தருகே விட்டுவிட்டு நான் போகவும் பயம். பன்னிரண்டு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. இரண்டு பேருமாகப் போய்விட்டால், பெட்டி வெளியே தெரியும்போது கங்காணி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டால்? இப்படியே நினைத்து நினைத்து ஒரு மணியும் அடித்தது. நான் அந்தக் கல்லை விட்டு அசையவில்லை.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிந்தபோது இலைகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தேயிலைப் பெட்டிகளின் சேற்றில் படிந்தன. மீன்கள் ஒரு மூலையில் கூடித் துடித்தன. தம்பி இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே தோள் வரை கையை விட்டு, “இருக்குக்கா” என்றான்.

மூடி பாதி திறந்திருந்தது. துரையின் கடிதம் நனைந்திருந்தாலும் டைப் எழுத்து அழியவில்லை. கலியாணப் பதிவு இரண்டாகப் பிய்ந்துவிட்டது. மகளின் பத்திரம் மையால் எழுதியது, நீலமாக ஓடிப்போயிருந்தது. அவள் அதைப் புல்லில் விரித்து விரலால் தேடினாள்.

“அம்மா, இதுல எம் பேரு எங்க?”

“காஞ்சா தெரியும்” என்றேன். தெரியாது என்று எனக்கே தெரியும். சேலைத் தலைப்பால் ஒற்ற ஒற்ற மை இன்னும் பரவியது. தம்பி அவசர அவசரமாக அடைப்பைச் செருகிக்கொண்டே, “அப்பிடியே கொண்டுபோயிருங்கக்கா, கேட்டா காட்டுங்க. போங்க, போங்க” என்றான். ஈரக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்து எழுந்தேன். மணிக்கூட்டில் ஒன்றே முக்கால்.

வாய்க்கால் பாலத்தைக் கடப்பதற்குள் எதிரே என் கணவர் வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். வலது கைப் பெருவிரலில் மை. என் சேற்றுக் காலைப் பார்த்தார், கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார்.

“ஏங்க, கூப்பிட்டாங்களா?” என்றேன்.

“மூணு தடவ கூப்பிட்டாங்க. பேப்பரு பொஞ்சாதிகிட்ட இருக்கு, இந்தா வந்துருவான்னு ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ ஒரு தாளக் குடுத்து, இதுல பெருவெரல வையின்னாங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்ல நீ இல்ல. வச்சிட்டேன்.”