மாமா பிணை நின்ற கதவு

எங்கள் வீட்டு நடையில், என் தம்பியின் அறைக் கதவுக்கு நேர் எதிரே, ஒரு கதிரை இருக்கிறது. குசினியில் சாப்பாட்டு மேசையோடு சேர்த்து வாங்கிய கதிரைகளில் ஒன்று. அதன் முதுகில் ஒரு வெள்ளைச் சால்வை மடித்துக் கிடக்கும். நடை ஒடுக்கம். வருகிற ஆட்கள் சப்பாத்துக் கழற்றும்போது கதிரையோடு இடிபடுவார்கள். ஏன் இதை இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மனைவி தேத்தண்ணி போடப் போவாள். நான் அவர்களின் குளிர்ச்சட்டையை வாங்கி மாட்டுவேன். அது மாமாவின் கதிரை. மனைவியின் தகப்பனைத்தான் மாமா என்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், இங்கே ஒஸ்லோவில் பஸ் கழுவுகிற வேலை. ஆனாலும் அந்தக் கதிரையைப் பற்றி ஒருதரமாவது சொல்லிவிட வேண்டும் என்று படுகிறது.

மாமா யாழ்ப்பாணத்தில் பிணைகாரர். நீதிமன்ற வாசலை அவர் கோட்டடி என்பார். காலையில் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டடிக்குப் போய்விடுவாராம். யாரையாவது பொலிஸ் பிடித்துவிட்டால் வீட்டுக்காரர் அழுதுகொண்டு அங்கேதான் வருவார்கள். பிணை நிற்கச் சொந்தக் காணிக்கு உறுதிப் பத்திரம் உள்ள ஆள் வேண்டும். இன்ன ஊர் ஆள் என்று விதானையாரின் கடிதம் வேண்டும். நீதவானுக்கு முன்னால் நடுங்காமல் நிற்கத் தெரிய வேண்டும். மாமாவிடம் மூன்றும் இருந்தன. முன்பின் தெரியாதவர்களுக்கும் நின்றார். கையில் வைத்ததை வாங்கினார். இதை ஊரில் ஒரு தொழிலாக மதிக்கமாட்டார்கள். தகப்பன் என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் வயல், கமம் என்று சொல்லித்தான் மனைவி சமாளித்திருக்கிறாள். மாமாவுக்கு அந்த வெட்கம் இல்லை. "அவன் களவெடுத்தவனோ இல்லையோ எண்டு நான் பாக்கிறேல்லை, மருமோன். உள்ளை கிடந்தால் ஆள் பழுதாப் போவான். ஆள் வெளியிலை வந்தால் காணும், வழக்கு தன்பாட்டிலை நடக்கட்டும்" என்பார். மாமி செத்த பிறகு அவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டோம். ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில், நாலாம் மாடி. யன்னலடியில் இருந்து கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடி யாரும் அழுதுகொண்டு வரவில்லை.

தம்பியும் எங்களோடுதான் இருந்தான். ஊரில் ஆமிக்காரர் அவனைப் பிடித்து ஓர் அறைக்குள் வைத்திருந்தார்கள். எவ்வளவு காலம் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இங்கே வந்த பிறகு அவனுக்குப் பூட்டின கதவு ஆகாது. அறைக் கதவு திறந்தபடிதான் படுப்பான். குளிக்கிற அறைக் கதவையும் முழுக்கச் சாத்தமாட்டான். அவன் உள்ளே போனால் நாங்கள் ரேடியோவைக் கூட்டி வைப்போம். லிப்டில் ஏறான், நாலு மாடியும் படிதான். தி-பானா ரயிலில் இருக்க இடம் இருந்தாலும் கதவடியில்தான் நிற்பான். மீன் பொதி செய்கிற இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. குளிர் அறையின் கதவு பின்னால் சாத்துப்பட்டவுடன் அந்த வேலையை விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டான். மற்றும்படி பிரச்சினையில்லாத பிள்ளை. பேப்பர் போட்டான். சீட்டுக்கட்டை வைத்து மாமாவோடு கடுதாசி விளையாடுவான். இரண்டு பேரும் கள்ளம் செய்வார்கள்.

பக்கத்து நகரமான திராமனில் ஒரு சாமத்தியவீடு, தெரிந்தவர்களின் மகள் பெரியபிள்ளையான கொண்டாட்டம். மண்டபத்துக்குப் பின்னால் கதிரைகள் அடுக்குகிற சின்ன அறை ஒன்று இருந்தது. தம்பி கதிரை எடுக்கப் போனான். எங்களோடு பழகின ஒருவர், திராமனிலேயே இருக்கிறவர், கொஞ்சம் குடித்திருந்தார். பகிடிக்கு வெளியால் பூட்டிவிட்டார். தம்பிக்குக் கதவு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுதான் பகிடி. வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே அவன் அடித்த அடியில் கதவு ஆடியது. பிறகு பூட்டினவரே திறந்தார். வந்த வேகத்தில் தம்பி அவரைத் தள்ளினான். அவர் பின்னால் இருந்த சீமெந்துப் படியில் விழுந்து மண்டை உடைந்தது. ஆள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். தம்பி ஓடிவிட்டான். அடுத்த நாள் பொலிஸ் வந்து ஒஸ்லோவில் எங்கள் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். அவன் படிக்கட்டில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணை, பூட்டப் போறாங்கள்" என்றான்.

அன்றைக்கு மாமாவைப் பார்க்க வேண்டும். யன்னலடியில் இருந்து எழும்பினார். முகம் கழுவினார். பெட்டியைத் திறந்து காணி உறுதியை எடுத்தார். அதையும் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். "நான் ஆளை எடுத்துத் தாறன்" என்றார். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்குப் போன் அடித்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அவன் யோசிக்கவே இல்லை. "ஏன் அண்ணை கஷ்டப்படுறியள்? ஜெயிலுக்கு எதிர்ப்பக்கமாப் பாருங்கோ, பிணை ஏஜென்ற் கடை இருக்கும். லைசென்ஸ் நம்பரோடை போர்ட் போட்டிருப்பான். லைசென்ஸ் இல்லாதவனிட்டை மட்டும் போயிடாதையுங்கோ" என்றான். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் கொடுக்கிறார்களா என்று இரண்டுதரம் கேட்டார். தன் தொழிலுக்கு எங்கேயோ ஒரு நாட்டில் போர்ட் போட்டு மரியாதை இருக்கிறது என்பது அவருக்குப் புதினம். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நானும் மாமாவும் அந்தக் கடையைத் தேடிப் போனோம். பனி பெய்து கால் வழுக்கியது. மாமா குளிர்ச்சட்டைக்கு மேலே சால்வையைப் போட்டிருந்தார். பொலிஸ் நிலையத்தைச் சுற்றினோம், ஒன்றுமில்லை. நீதிமன்றத்துக்கு நடந்தோம். சுற்றிவரக் கண்ணாடிக் கடை, பூக்கடை, கோப்பிக் கடை. பித்தளைப் பலகை போட்ட கதவு ஒன்றைக் கண்டு மாமா மணியை அடித்தார். அது பல் வைத்தியர். திரும்பவும் சுற்றினோம். ஆட்கள் விலத்தி நடந்தார்கள். மாமா கடைசியில் நீதிமன்றப் படியில் நின்றார். "இவ்வளவு பெரிய கோட்டடி. ஒரு பிணைகாரன் இல்லை. இந்தச் சனம் எப்பிடித்தான் வெளியிலை வருகுது, மருமோன்?" என்று கேட்டார். பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

வழக்குப் பேச அரசாங்கம் தந்த சட்டத்தரணி ஒரு பெண். நல்ல பிள்ளை. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பொறுமையாகச் சொன்னா. இங்கே அப்படியொரு தொழில் இல்லை, அதற்கு அனுமதி கொடுக்கிற கந்தோரும் இல்லை. ஆளை வழக்கு முடியுமட்டும் விளக்கமறியலில், சிறையில், வைப்பதா விடுவதா என்று நீதிபதிதான் பார்ப்பார். சாட்சிகளை யாரும் போய்க் குழப்புவார்களா என்று பார்ப்பார். சட்டப் புத்தகத்தில் பிணை என்று ஒரு வரி கிடக்கிறது. யாரும் பாவித்ததைத் தான் காணவில்லை. மாமா மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டார். "ஒரு வரி இருக்கெல்லே. அது காணும்" என்றார். வெளியே வந்தும் அதையே சொன்னார்.

நீதிபதிக்கு முன்னால் தம்பியைக் கொண்டுவந்தபோது மாமா எழும்பி நின்றார். சால்வையைத் தோளில் இருந்து எடுத்து முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். நீதவானுக்கு முன்னால் நிற்கிற முறை அதுவாம். உறுதியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நீதிபதி அவர் யார் என்று கேட்டா. சட்டத்தரணி சொன்னா. நீதிபதி கடைசி மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவருக்கு நன்றி சொல்லி, தயவுசெய்து இருங்கள் என்றா. மாமா இருக்கவில்லை. விளங்கவில்லை என்று நினைத்து மொழிபெயர்ப்பாளர் திரும்பவும் சொன்னார். விளங்கித்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அவரை அதட்டிய நீதவான்கள் உண்டு, ஏசியவர்கள் உண்டு. அதட்டி ஏசி எல்லாம் முடிய ஆளைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே மரியாதையாக இருக்கச் சொல்லிவிட்டு ஆளைத் திரும்பக் கொண்டுபோனார்கள். தம்பி அந்தப் பக்கக் கதவால் போகும்போது எங்களைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு போனான். ஆனாலும் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். வழக்கின் அடுத்த தவணையில் விடக்கூடும் என்று சட்டத்தரணி சொன்னா.

அதற்குள் ஒருநாள், நான் வேலையில், மனைவியும் வேலையில். மாமா தனிய ரயில் ஏறித் திராமனுக்குப் போயிருக்கிறார். கடையில் முந்திரிகைப் பழமும் அப்பிளும் வாங்கியிருக்கிறார். அடிபட்டவர் ஆஸ்பத்திரியால் வந்து வீட்டில் இருந்தார். மாமாவின் தொழிலில் இது முதல் வேலை. எதிர்ப்பக்கத்து வீட்டுக்குப் பழத்தோடு போய் ஆறுதலாகக் கதைப்பது. அவர்கள் கோபம் ஆறினால் நீதவானும் ஆறுவார். ஊரில் பாதி வழக்கு அப்படித்தான் முடியும். அந்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். அந்த மனுசன் தலையில் கட்டோடு இருந்து அழுதிருக்கிறார். "ஐயா, பிழை என்னிலைதான். பகிடி எண்டு நினைச்சுப் பூட்டினனான். அவன் உள்ளை கத்தினது இப்பவும் காதுக்குள்ளை நிக்குது" என்றாராம். மாமா பின்னேரம் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார், "முடிஞ்சுது, மருமோன். ஆள் தானே போய்ச் சொல்லுறன் எண்டிட்டான்." அன்றைக்கு மாமா இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அடிபட்டவர் பொலிசுக்குப் போய்ச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். யாரும் தள்ளவில்லை, நானாக வழுக்கி விழுந்தேன் என்று எழுதுங்கள் என்றிருக்கிறார். பொலிஸ் நம்பவில்லை. ஏன் இப்போது மாற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவன்ரை ஆட்கள் பழத்தோடு வீட்டுக்கு வந்து சமாதானம் பேசினார்கள், எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று அவர் சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு அது சமாதானமாகத் தெரியவில்லை. சாட்சியை வீடு தேடிப் போய் மிரட்டினதாகத் தெரிந்தது. அடுத்த தவணையில் அதைத்தான் வாசித்தார்கள். மறியல் நீண்டது. இனி யாரும் பார்க்கவும் முடியாது, கடிதம் போடவும் முடியாது, மற்றக் கைதிகளோடும் விடமாட்டார்கள் என்றார்கள். தனி அறை. சட்டத்தரணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னா. மாமா இந்தமுறை எழும்பி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனைவி ஒரு வசனம் சொன்னாள். "அப்பா, இது உங்கடை கோட்டடி இல்லை." மாமா உறுதியைப் பெட்டிக்குள் வைத்தார்.

பனி கரைந்து மரங்கள் தளிர்த்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. இருந்த காலமே தண்டனைக்குக் காணும் என்று விட்டார்கள். மறியல் வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். தம்பி ஒரு பையோடு வந்தான். மெலிந்திருந்தான். மாமா அவன் கையைப் பிடித்தார். பிடிக்க விட்டான். தி-பானாவில் இடம் பார்த்து உள்ளே போய் இருந்தான். எனக்கு அது அப்போது நல்லதாகப் பட்டது. வீட்டுக் கீழே லிப்ட் வந்து நின்றது. ஏறினான். கதவு சாத்தும்போது அவன் முகத்தில் ஒன்றுமில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்து, தன் அறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். உள்ளே பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பூட்டு வேலை செய்யும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

முதலில் களைப்பு என்று நினைத்தோம். டொக்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்து கதவடியில் நின்று கதைத்துவிட்டுப் போனார். நாங்கள் வேலைக்குப் போன பிறகு வெளியே வருவான். சாப்பிட்ட கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். எங்கள் காலடி கேட்டால் பூட்டு விழும். ஒருநாள் காலையில் மாமா முகம் கழுவி, சால்வையை எடுத்து, குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நடையில் வைத்தார். கதவைப் பார்த்தபடி இருந்தார். முழங்கால் வருத்தம், முந்தியைப்போல நெடுநேரம் நிற்க ஏலாது. சால்வை முழங்கையில் மடித்துக் கிடந்தது. "அப்பன், நான் வெளியிலை நிக்கிறன்" என்றார். அடுத்த நாளும் இருந்தார். சில நாள் கடுதாசிக் கட்டைக் கொண்டுவந்து தனியப் பிரித்துப் போடுவார். இரண்டு பேரின் சீட்டையும் தானே விளையாடுவார். "அப்பன், உன்ரை சீட்டைப் பாத்திட்டன். வந்து ஏசு பாப்பம்" என்பார். மனைவி ஒருநாள் குசினிக்குள் நின்று சொன்னாள், "அப்பா, காணும். எழும்புங்கோ." அவர் திரும்பவில்லை. "ஆளை விடுமட்டும் பிணைகாரன் வீட்டை போறேல்லை, பிள்ளை" என்றார். தகப்பன் என்ன வேலை என்று யாரும் கேட்டால் அவள் இப்போது மறைக்கமாட்டாள். ஆனால் கேட்பார் இல்லை.

வருடக்கணக்காக அப்படி இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் கதிரையில் இருந்துதான் சரிந்தார். திரும்பி வரவில்லை. செத்தவீட்டுக்குத் தம்பி வரவில்லை. எல்லாம் முடித்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாமாவைத் தூக்கின அவசரத்தில் நிலத்தில் விட்டுப்போன சால்வை கதிரை முதுகில் கிடந்தது. முழங்கையில் போடுகிற மாதிரி ஒடுக்கமாக மடித்திருந்தது. மனைவி கையால் தொட்டுப் பார்த்தாள். பூட்டு விழுந்துதான் இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து சால்வையை யாரும் எடுக்கவில்லை. வேலையால் வந்து, கை கழுவி, நான் அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருக்கிறேன். எனக்கு மாமாவைப்போலக் கதைக்க வராது. கடுதாசி விளையாட்டும் சரிவராது. "தம்பி, நிக்கிறன்" என்று மட்டும் சொல்வேன். உள்ளே கட்டில் ஒருதரம் முனகும். ஊரில் அவனைப் பூட்டினவர்கள் திறந்துவிட்டார்கள். திராமனில் பூட்டினவரும் திறந்துவிட்டார். இங்கே மறியலும் திறந்துவிட்டது. இந்தப் பூட்டு அவன் பக்கத்தில் இருக்கிறது. இதற்குப் பிணை கேட்க நீதவான் இல்லை.