ஆட்டுக்கொட்டகையில் ஒரு மசராட்டி

மலையாண்டி காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டு டிரைவர். ஓட்டியது பழைய அம்பாசிடர். மனசுக்குள் ஓட்டியது, வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்த மசராட்டி என்ற இத்தாலிப் பந்தயக் கார். சிவப்பு. அதை வாங்கினால் எங்கே நிறுத்துவது என்றுகூட முடிவு செய்திருந்தார்: ஆட்டுக்கொட்டகையைப் பிரித்துவிட்டு அங்கே. ஆடு வளர்க்கிற பெண்சாதி முத்தழகுவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

1969 வைகாசியில் அந்த வீட்டு மகன் சோமுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் சோமுவை ஏற்றிய கார் மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு மணி நேரம் ஊர்ந்த மலையாண்டி, எப்போதோ இத்தாலிக்குப் போய்விட்டார். தெரு திரும்பி நேராக நீண்டதும் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

கார் தவில்காரர் குழந்தைவேலுவை இடித்துத் தள்ளியது. தவில் சாக்கடைக்குள் உருண்டது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மலையாண்டியின் மடியில் வந்து விழுந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தைவேலு முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வந்து ஜன்னலில் குனிந்தார்.

“என்னண்ணே, மயக்கம் கியக்கம் வந்துருச்சா? தண்ணி குடிக்கிறீகளா?”

மலையாண்டி ஆமாம் என்று தலையாட்டினார். குழந்தைவேலு நொண்டிக்கொண்டே போய் வாங்கி வந்த செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். தவில்காரர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.