வெர்டெல் அலசிய கீரை

அந்தத் தேவாலயத்து விருந்தில் தட்டை நீட்டும் முன் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "கீரை யாரு ஆக்கினது?" பதிலாக வரும் பெயரைப் பொறுத்துத் தட்டு நீளும், இல்லாவிட்டால் அடுத்த சட்டிக்கு நகரும். வெர்டெல் மாப்சனின் பெயரைக் கேட்டுத் தட்டுகள் நகரத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடம் மழை விட்டதும் பறித்த காலர்டு கீரையை அவள் இரண்டே அலசலில் விட்டுவிட்டாள். சபைப் பெரியவர் டீக்கன் ஹாஸ்கல் மூன்றாவது வாயில் மண்ணை நறுக்கென்று கடித்தார். சொத்தைப் பல்லில் வைத்தியர் அடைத்திருந்த சிமெண்டு பெயர்ந்து கைக்கு வந்தது.

"ஏம்மா, கீரையைக் கடற்கரையிலயா போட்டே?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம் விருந்துப் பட்டியல் எழுதும் கார்லீன், வெர்டெலின் பெயருக்கு நேரே 'ஐஸ் கட்டி' என்று மட்டுமே எழுதினாள். ஐஸில் மண் இருக்காது.

இந்த நவம்பரில் ஆண்டு விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வழக்கமாகக் கீரை ஆக்கும் ஒஸெல்லா படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கார்லீன் நாலு பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெர்டெலுக்குப் போன் செய்தாள். "வேற வழியில்ல அக்கா. அலசிடுங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

இதில் தவறினால் வாழ்நாள் முழுக்க ஐஸ்தான். வெர்டெலுக்கு அது நன்றாகத் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். விடியும் முன்பே வண்டியில் ஏறுகிறவளால் அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மணிக்கணக்கில் தானாக மெல்ல வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கர்தான். ஒஸெல்லாவுக்கு அது பிடிக்காது. "சுவிட்ச போட்டுட்டுப் போறதெல்லாம் சமையலாடி?" என்பாள்.

உறைபனி இரண்டு முறை விழுந்து, இலைகளில் இனிப்பு ஏறியிருந்தது. சனிக்கிழமை பகலில் வெர்டெல் அவற்றைத் தொட்டியில் போட்டு அலசினாள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துவிட்டு அடியை விரலால் தடவினாள். ஐந்தாவது அலசலில் மண் இல்லை. இருந்தும் ஏழு முறை அலசினாள். நடுத்தண்டைக் கிழித்தெறிந்து, இலைகளைச் சுருட்டி நறுக்கி, வெங்காயம், வற்றல் மிளகாய், புகையில் வாட்டிய வான்கோழிக் கழுத்தோடு குக்கரில் திணித்தாள். மூடி மூடவில்லை. கொஞ்சம் வதங்கியதும் அமுக்கி, மிச்சத்தையும் திணித்தாள். ஞாயிறு காலை கழுத்துக் கறி எலும்பை விட்டுக் கழன்று, இலை பட்டுப்போலக் குழைந்திருந்தது. காரில் சிந்தாமலிருக்க மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, இரண்டு கனத்த துண்டுகளால் இறுகக் கட்டி எடுத்துப்போனாள். தேவாலயத்துக்கு எதிரே இருந்த விருந்துக் கூடத்தில் துண்டை அவிழ்க்க நேரமில்லை. அப்படியே மின்சாரத்தில் செருகிவிட்டு, வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு தேவாலயக் கதவருகே போய் நின்றாள். வருகிறவர்களை இருக்கையில் அமர்த்துவது அவள் பொறுப்பு.

பிரசங்கம் தொடங்கிய பத்தாவது நிமிடம், கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது. பதினொரு குக்கர், ஒரு பெரிய காபிக் கொப்பரை, எல்லாம் ஒரே கம்பியில். தாங்குமா?

போதகர் பேசும்போது கதவருகே நிற்பவர் அசையக் கூடாது. எதிர்ப்பக்கம் நின்ற வில்லார்டுக்குக் கையசைத்துச் சைகை காட்டினாள். அவன் பவ்வியமாக நடந்து வந்து அவள் கையில் ஒரு காகித விசிறியைக் கொடுத்தான்.

"விசிறி இல்லடா, கரண்டு! கூடத்துல கரண்டு போச்சு!"

"உஷ்! போதகர் பாக்கிறாரு."

போதகர் நோவாவின் பேழைக்குள் ஒவ்வொரு மிருகமாக ஏற்றினார். ஒன்றரை மணி நேரம். வெர்டெல் விசிறிக்கொண்டே நின்றாள்.

ஆமென் சொன்னதும் ஓடினாள். மற்றவர்களின் குக்கர்களில் மக்ரோனி கெட்டியாகிப் பாளமாக நின்றது. பீன்ஸ் ஆறிப்போயிருந்தது. அவள் துண்டை அவிழ்த்து, நாடாவை உரித்து, மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. நாடாவும் துண்டும் சூட்டை வெளியே விடவில்லை.

கூட்டம் வரிசையில் வந்தது. முன்னால் டீக்கன் ஹாஸ்கல்.

"கீரை யாரு ஆக்கினது?"

"நான்தான்," என்றாள் வெர்டெல்.

வரிசை அப்படியே நின்றது. கையில் கட்டோடு ஒஸெல்லாவும் எட்டிப் பார்த்தாள்.

"ஹூம். எனக்கு இன்னும் நாலு பல்லுதான் சொந்தம்," என்றார் டீக்கன். ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, நின்றபடியே மெல்லத் தொடங்கினார். மெதுவாக, இடது கடைவாயில், பிறகு வலது கடைவாயில். விழுங்கினார். நாக்கால் பல்லைத் துழாவினார்.

"சோள ரொட்டி எங்கே? இந்தச் சாறை ஊத்து, ஊத்து. தட்டுல வேண்டாம், கிண்ணத்துல ஊத்து."

வெர்டெல் கிண்ணம் நிறைய ஊற்றினாள். பின்னால் தட்டுகள் நீண்டன. ஒஸெல்லா இரண்டாம் முறை வந்தாள்.

"சுவிட்ச போட்டா ஆயிடுமாடி?" என்றாள் வெர்டெல்.

"வாயை மூடிட்டுப் போடு."

வெர்டெல் சாப்பிட உட்கார்ந்தபோது குக்கரில் ஒரு இலைகூட இல்லை. அடியில் கிடந்த சாற்றைக் காபிக் கோப்பையில் வடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு கோப்பையின் அடியை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்றுதான் இருந்தது.